‘காலில் வழி’ என்று எழுதினாள் அண்ணன் மகள்... திருத்திய நான் கேட்க மறந்த ஒரு கேள்வி!

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மானாமதுரையில் இருக்கும் என் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்துவிடும். கோடு போட்ட நோட்டுத் தாளில், பென்சிலால், பெரிய பெரிய எழுத்துகளில் ஒரு கடிதம். எழுதுவது மெல்போர்னில் இருக்கும் அண்ணன் மகள். வயது ஒன்பது. அங்கே பிறந்தவள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகியதும், அவளாகவே ஆரம்பித்த பழக்கம் இது. அப்பத்தாவுக்குக் கடிதம்!

அம்மா அந்த போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கி, பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, கடிதத்தைக் குடும்ப குரூப்பிலும் போட்டான் அண்ணன். அது இதுதான்.

“அன்புல்ல அப்பத்தா, நான் நல்லா இருக்கேன். நேற்று நான் பல்லியில் ஓடினேன். விளையாடினேன். பிறகு விழினேன். காலில் வழி. அம்மா மறுந்து போட்டால். இப்போது நான் பசிக்கிறேன். உங்கள் ஆட்டுக்குட்டி எப்படி இருக்கு? எனக்கு அது பிடிக்கும்.”

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஒற்றுப் பிழையும் எழுத்துப் பிழையும் பார்க்கும் கண். சும்மா இருக்குமா? போனிலேயே அந்தப் படத்தைத் திறந்து, சிவப்புக் கலரைத் தேர்ந்தெடுத்து, வரிசையாக வட்டம் போட்டேன். அன்புள்ள. இருக்கிறேன். பள்ளியில். விழுந்தேன். வலி. மருந்து. போட்டாள். எனக்குப் பசிக்கிறது. இருக்கிறது. மொத்தம் ஒன்பது திருத்தங்கள். கீழே ‘வெரி குட் தங்கம், அடுத்த தடவை கவனமா எழுது’ என்று ஒரு ஸ்மைலியும் போட்டு அனுப்பினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

அடுத்த ஞாயிறு கடிதம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் அம்மா அண்ணனுக்கு போன் போட்டார். “எழுதச் சொன்னா எழுத மாட்டேங்குறாம்மா. தப்பு தப்பா வருதாம்” என்றான் அண்ணன்.

அன்று ராத்திரி அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “ஏண்டி, ‘வழி’ இல்ல, ‘வலி’ன்னு திருத்துனியே... புள்ளைக்குக் கால்ல என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

இல்லை. கேட்கவே இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. புதிதாக ஒரு மொழியில் எழுதப் பழகும் ஒருவரின் பிழையை எப்படித் திருத்த வேண்டும்? எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா? திருத்தினால் உண்மையிலேயே பிழை குறைகிறதா? மொழி கற்பித்தல் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். தேடித் தேடிப் படித்தபோதுதான், நான் போட்ட ஒன்பது வட்டங்களையும் வேறு கண்ணோடு பார்க்க முடிந்தது.

பிழைக்கும் காரணம் உண்டு!

1967-ல் பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மொழி கற்பவரின் பிழைகளை அதுவரை பலரும் களைபோலத்தான் பார்த்தார்கள். பார்த்ததும் பிடுங்க வேண்டும். கார்டர் அதை மாற்றிப் பார்த்தார். களைப்பிலோ அவசரத்திலோ கை தவறி வருவது ஒரு வகை. அதை எழுதியவரே கண்டுபிடித்துவிடுவார். ஆனால், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பிழை வேறு. அந்த நபர் அந்த மொழியைப் பற்றித் தன் மனதில் என்ன விதி வைத்திருக்கிறார் என்பதை அது காட்டுகிறது. அதனால் ஆசிரியருக்கு அது ஒரு தகவல், கற்பவருக்கு அது ஒரு முயற்சி என்றார் கார்டர்.

1972-ல் லாரி செலிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். தமிழில் ‘இடைமொழி’ எனலாம். கற்பவர் எழுதுவது உடைந்துபோன தமிழோ, உடைந்துபோன ஆங்கிலமோ இல்லை. தாய்மொழிக்கும் புதுமொழிக்கும் நடுவில், தனக்கென்று சில விதிகளோடு இருக்கும் ஒரு மொழி அது.

இதைப் படித்துவிட்டு அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

‘விழினேன்.’ முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பாருங்கள். ஓடினேன், விளையாடினேன். இரண்டும் சரி. ‘ஓடு - ஓடினேன்’ என்றால் ‘விழு - விழினேன்’தானே? அவள் விதியைத் தெரிந்துகொண்டு, அதை ஒரு சொல் அதிகமாக நீட்டிவிட்டாள். எழுதினேன், நடந்தேன், படித்தேன், போட்டேன் என்று நம் வினைச்சொற்கள் இறந்தகாலத்தில் எத்தனை விதமாக மாறுகின்றன! நமக்கு அது பழக்கம். அவளுக்கு அது கணக்கு.

‘நான் பசிக்கிறேன்.’ இது ஆங்கிலத்தின் தடம். ‘ஐ ஆம் ஹங்ரி’யில் பசி ‘நான்’ மேல் ஏறி நிற்கும். தமிழில் பசி, வலி, தெரியும், பிடிக்கும், வேண்டும் எல்லாம் ‘எனக்கு’ என்றுதான் தொடங்கும். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், அதே கடிதத்தின் கடைசி வரியில் ‘எனக்கு அது பிடிக்கும்’ என்று சரியாக எழுதியிருக்கிறாள். பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது தாண்டாத பாதி மட்டும்தான்.

பல்லி, வழி, போட்டால். இது காது சம்பந்தப்பட்டது. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே ஓசையாகக் கேட்பதில் ஆச்சர்யம் இல்லை. நாம் மட்டும் என்னவாம்? எங்கள் பக்கம் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். ‘மருந்து’க்கு இந்த ‘ரு’வா, அந்த ‘று’வா என்பதைப் பேச்சில் கேட்டுக் கண்டுபிடிக்க நம்மில் பெரும்பாலானவர்களால் முடியாது. பார்த்துப் பார்த்து மனதில் பதிந்ததுதான். அவள் இன்னும் அத்தனை முறை பார்க்கவில்லை. அவ்வளவே.

கடைசியாக, ‘இருக்கேன்’, ‘இருக்கு’. இவை இரண்டுக்கும் நான் வட்டம் போட்டதுதான் எனக்கே உறுத்துகிறது. அவை பிழையே இல்லை, பேச்சுத் தமிழ். “நான் போன்ல பேசுறதைத்தானே அவ எழுதியிருக்கா?” என்றார் அம்மா. அப்பத்தா வாயிலிருந்து கற்றுக்கொண்ட தமிழை அப்பத்தாவுக்கே எழுதியிருக்கிறாள் பேத்தி. அதை நான் சிவப்பில் அடித்திருக்கிறேன். சிங்கப்பூர் பள்ளிகளின் தமிழ்ப் பாடத்தில் பேச்சுத் தமிழுக்கும் இடம் தந்திருப்பது சும்மா இல்லை. எழுத்துத் தமிழ் வேண்டும். ஆனால், பேச்சுத் தமிழைப் ‘தப்பு’ என்று சொல்லி அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஒன்பது வட்டத்துக்குள் நான்கு வெவ்வேறு கதைகள். நான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்திருக்கிறேன்.

சிவப்பு மை வேலை செய்கிறதா?

நம் பிள்ளைகளின் ஆங்கில நோட்டை எடுத்துப் பாருங்கள். இதே கதை திருப்பிப் போட்டு நடக்கும். தமிழில் ‘எ’, ‘தி’ போன்ற சொற்கள் இல்லை. அதனால் ஆங்கிலம் எழுதும்போது அவற்றை விட்டுவிடுவார்கள். ‘ஈட்’ என்பதன் இறந்தகாலத்துக்கு ‘ஈட்டட்’ என்று எழுதும் பிள்ளையும், ‘விழினேன்’ என்று எழுதும் பிள்ளையும் செய்வது ஒரே வேலைதான். அந்த நோட்டுகளில் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அதனால் பலன் உண்டா?

1984-ல் ஹாரியட் செம்கே என்ற அமெரிக்கப் பேராசிரியை இதைச் சோதித்துப் பார்த்தார். ஜெர்மன் மொழி கற்கும் கல்லூரி மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு எழுதியதற்கு, அதில் சொன்ன விஷயத்தைப் பற்றிய கருத்து மட்டும். இரண்டாவது குழுவுக்குப் பிழை திருத்தம் மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்குப் பிழை இருக்கும் இடத்தில் குறியீடு மட்டும். திருத்துவது மாணவர் வேலை. முடிவில், திருத்தம் வாங்கியவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக எழுதிவிடவில்லை. தொடர்ந்து எழுதியதுதான் முன்னேற்றம் தந்தது. அதிலும், எல்லாவற்றையும் தாங்களே தேடித் திருத்த வேண்டிவந்தவர்களுக்கு எழுதுவதன் மீதே சலிப்பு வரக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார்.

1996-ல் தைவானில் பணியாற்றிய ஜான் டிரஸ்காட் ஒருபடி மேலே போனார். எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயனில்லை, கெடுதலும்கூட. விட்டுவிடுங்கள் என்றே எழுதிவிட்டார். ஆசிரியர்கள் சும்மா இருப்பார்களா? 1999-ல் அமெரிக்காவின் டேனா ஃபெரிஸ் பதில் எழுதினார். திருத்தம் என்பதை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியக் கூடாது. எந்தப் பிழையை, எப்படித் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன் என்றார். இந்த வாதம் இன்றும் முழுதாக ஓயவில்லை.

நடுவில் ஒரு வழி காட்டியது நியூசிலாந்து. அங்கே ஜான் பிட்செனர், ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டவர்களின் எழுத்தில் எல்லாப் பிழைகளையும் தொடவில்லை. ‘எ’, ‘தி’ இரண்டையும் எங்கே போடுவது என்ற ஒரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை மட்டும் திருத்தினார். திருத்தம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சரியாக எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. 2008-ல் வெளியான ஆய்வு இது.

எங்கள் அலுவலகத்திலும் இதேதான் நடந்தது. நான் சேர்ந்த புதிதில் சீனியர் ஒருவர் என் கட்டுரைகளில் எல்லாப் பிழைகளையும் சத்தமில்லாமல் திருத்தி வெளியிட்டுவிடுவார். ஆறு மாதம் ஆகியும் நான் ஒன்றும் கற்கவில்லை. பிறகு வந்தவர், ‘இந்த வாரம் இரண்டாம் வேற்றுமைக்குப் பிறகு ஒற்று மிகும் என்பதை மட்டும் பார்’ என்றார். ‘அவனைப் பார்த்தேன்’, ‘வீட்டைக் கட்டினான்’. ஒரே வாரம். இன்றுவரை மறக்கவில்லை.

அச்சுக்குப் போகும் கட்டுரை, வேலைக்கான விண்ணப்பம், வக்கீலுக்குப் போகும் கடிதம் என்றால் ஒரு பிழை விடாமல் திருத்தத்தான் வேண்டும். அங்கே அந்தத் தாள் முக்கியம். மொழி பழகுபவரின் கடிதத்தில், எழுதுகிற ஆள்தான் முக்கியம். நான் ஒன்பது வயதுப் பிள்ளையின் கடிதத்தை நாளைக்கு வெளியாகப்போகும் கட்டுரை மாதிரி நினைத்துவிட்டேன்.

அப்பத்தா எழுதிய பதில்

நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா தன் பாட்டுக்கு ஒரு தாளை எடுத்துப் பதில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

“அன்புள்ள தங்கத்துக்கு, நீ பள்ளியில் விழுந்தாய் என்று படித்தேன். உனக்குக் கால் இன்னும் வலிக்கிறதா? நானும் போன மாசம் வாசல்படியில் விழுந்தேன். எனக்கும் ரொம்ப வலித்தது. உன் அத்தை மருந்து போட்டாள். உங்கப்பா சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்தில் விழுந்துகொண்டே இருப்பான். ஆட்டுக்குட்டிக்கு எப்பவும் பசிக்கிறது. உனக்கும் பசித்ததே, என்ன சாப்பிட்டாய்?”

கவனித்தீர்களா? பள்ளி, விழுந்தேன், வலி, மருந்து, போட்டாள், பசிக்கிறது. நான் வட்டம் போட்ட சொற்களில் பெரும்பாலானவை சரியான வடிவத்தில் வந்துவிட்டன. ‘தப்பு’ என்ற பேச்சே இல்லை. “வேணும்னுதான் இப்படி எழுதுனீங்களாம்மா?” என்று கேட்டேன். “வேணும்னு என்ன? அவ கேட்டதுக்குப் பதில் எழுதுனேன்” என்றார்.

சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்லும் இந்த முறையும் ஆய்வுக்கு உட்பட்டதுதான். 1997-ல் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் கனடாவின் மான்ட்ரியல் பகுதியில், பிரெஞ்சு வழியில் படிக்கும் குழந்தைகளின் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இந்த முறையைத்தான். ஆனால், அது திருத்தம் என்றே பிள்ளைகளுக்குப் பல சமயம் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாகக் கடந்துபோய்விட்டது. ‘எப்படிச் சொல்லணும்?’ என்று பிள்ளையையே யோசிக்கவைக்கும் முறைகளில்தான் அவர்கள் தாங்களாகத் திருத்திக்கொண்டார்கள்.

அது பேச்சு. கடிதம் என்றால் கையில் இருக்கும், திரும்பத் திரும்பப் படிக்கலாம் என்பது கூடுதல் வசதி. ஆனாலும் ஒன்றிரண்டு இடத்திலாவது ‘இதைப் பார்’ என்று காட்டத்தான் வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை ஒரே ஒரு சொல்லை எடுத்தேன். சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியின் படம், ஒரு பள்ளிக்கூடத்தின் படம். கீழே இரண்டு சொற்கள். ‘நீ எதுக்குள்ள ஓடினே தங்கம்?’ என்று மட்டும் கேட்டேன்.

பதிலாக வந்தது ஒரு ஓவியம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பாடம் படிக்கும் பல்லிகள். மேலே, ‘பல்லிகள் பள்ளி’.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

வெளிநாட்டில் தமிழ் பழகும் பேரன் பேத்தியோ, ஆங்கிலம் எழுதப் பழகும் உங்கள் பிள்ளையோ, நாற்பது வயதில் ஆங்கிலத்தில் மெயில் எழுத முயலும் உங்கள் அம்மாவோ... யாராக இருந்தாலும் இவை உதவும்.

* முதலில் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். ‘விழுந்துட்டியா, வலிக்குதா?’ என்பதற்குப் பிறகுதான் எழுத்துப் பிழை.

* சரியாக வந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘வெரி குட்’ போதாது. ‘எனக்குப் பிடிக்கும்னு சரியா எழுதியிருக்கே’ என்றால்தான் எது சரி என்று தெரியும்.

* ஒரு கடிதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிழை. திரும்பத் திரும்ப வருவதாகவும், அர்த்தத்தை மாற்றுவதாகவும் பார்த்து எடுங்கள்.

* விடையை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் யோசிக்க இடம் கொடுங்கள். ‘எனக்குப் பிடிக்கும்னு எழுதுனே. அப்போ பசிக்கு எப்படி எழுதலாம்?’ அவர்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத விஷயம் என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தேடவிட்டுச் சோதிக்க வேண்டாம்.

* எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். நான் திருத்தியது குடும்ப குரூப்பில். பதினாலு பேர் இருக்கும் குரூப் அது.

* அடுத்த கடிதத்தில் அதே சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கவனித்ததாகச் சொல்லுங்கள்.

மணலில் எழுதிய ஜெர்மானியர்

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார் சீகன்பால்க் என்ற ஜெர்மானியர். அப்போது அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர்களைப்போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பதே ஆண்டுகளில் அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பான புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

நம் தாத்தா, பாட்டி காலத்திலும் முதல் எழுத்து மணலில்தான். தப்பாக வந்தால் கையால் ஒரு தடவு. மறுபடி எழுதலாம். யாரும் எண்ணிவைக்க மாட்டார்கள். பழகுகிற கைக்கு அந்தச் சுதந்திரம்தான் தேவைப்படுகிறதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. இப்போது பன்னிரண்டு வரி, பதினைந்து வரி. ‘விழுந்தேன்’ சரியாகிவிட்டது. ‘அன்புள்ள’ சில வாரம் சரி, சில வாரம் ‘அன்புல்ல’. ‘மறுந்து’ இன்னமும் ‘மறுந்து’தான். இருக்கட்டும்; அதற்கும் ஒரு ஞாயிறு வரும்.

போன வாரம் ஆபீஸ் அவசரத்தில் அவளுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். ‘அத்தைக்கு வேளை இருக்கு தங்கம், அப்புறம் பேசுறேன்.’ ஐந்து நிமிடத்தில் அதே மெசேஜின் ஸ்க்ரீன்ஷாட் திரும்பி வந்தது. ‘வேளை’யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே அவள் கையெழுத்து.

“அத்தை, வேலை. பரவாயில்லை. நிறைய வேலையா? சாப்பிட்டீங்களா?”